பொய் சொன்ன பச்சை விளக்கு

டிசம்பர் 5, 2024 – வியாழன்

இன்றைக்கு மட்டும் மூன்று தடவை பம்ப் நின்றது. மூன்று தடவையும் ஜான்ரோஸ் போன் செய்தான். கடைசித் தடவை, "அண்ணே, ஒங்களுக்க சாதனம் பின்னயும் செவப்பு காட்டுது" என்றான். என்னுடைய சாதனமாம். கம்பெனியில் ஓடுகிறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், நின்றுபோனால் அது பராமரிப்பு பார்க்கிற கிளீட்டஸுடையது.

அந்தப் பம்ப் கொதிக்கிற எண்ணெயைச் சுற்றவிடுவது. அந்தச் சூட்டில்தான் ரப்பர் கையுறை வேகிறது. பம்பின் பேரிங் வேகாமல் இருக்கப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க அதில் ஒரு ஃப்ளோ ஸ்விட்ச். ஓடினால் பச்சை. நின்றால் சிவப்பு, பம்பும் தானாக நின்றுவிடும். அதற்குப் பேர் டிரிப். பம்ப் நின்றால் கையுறை லைன் நிற்கும், லைன் நின்றால் ஆபரேட்டர் ஜான்ரோஸுக்கு ஏச்சு. அவனுக்கு விழுகிற ஏச்சில் பாதியைப் போனில் எனக்கு அனுப்பிவிடுவான்.

பித்தளை உடம்பைத் திறந்து பிஸ்டனை வெளியே எடுத்தேன். தாடி! பிஸ்டனுக்குள் காந்தம் இருக்கிறது. பழைய இரும்புக் குழாயில் உதிர்கிற துரு முழுக்க அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. தாடி வைத்த பிஸ்டன் நகராது. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சவரம் செய்து, ஸ்பிரிங்கைத் துடைத்து, அம்புக்குறி தண்ணீர் போகிற பக்கம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து மாட்டினேன். வால்வை மூடினேன், சிவப்பு. திறந்தேன், பச்சை.

கடைசியாக ஒரு வேலை. என் வீட்டுக்காரி லீமா கோட்டார் திருவிழாக் கடையில் வாங்கித் தந்த சின்ன அந்தோணியார் சுரூபம் மூன்று நாளாக ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஸ்பானரோடு கிடந்தது. காரில் வைக்கிற மாதிரி. ஸ்கூட்டரில் எங்கே ஒட்ட? முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக். ஸ்விட்சுக்குப் பக்கத்தில் குழாயைத் தாங்குகிற இரும்பு ஆங்கிளில் அவரை நிறுத்தினேன். கச்சிதமாக நின்றார். "இனி நீரு பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 6

டிரிப் இல்லை.

டிசம்பர் 7

டிரிப் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது, என் கண்ணே பட்டுவிடும்.

டிசம்பர் 23 – திங்கள்

பதினெட்டு நாள். ஒரு டிரிப்கூட இல்லை.

மேனேஜர் நாராயணபெருமாள் சார் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்ன வேய் கிளீட்டஸ், மந்திரம் கிந்திரம் போட்டீரா?" துருவைத் துடைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். "எல்லாம் கைப்பழக்கம் சார்" என்றேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவையில் தாண்டியவனுக்கு இவ்வளவு திமிர் ஆகாது. சவுதியில் பதினொரு வருஷம் ஸ்பானர் பிடித்ததில் வந்த திமிர்.

வாரம் தவறாமல் சோதிக்கிறேன். முதலில் அந்தோணியாரை எடுத்துக் கரண்ட் பேனலின் தலையில், சுவரைப் பார்க்க வைப்பேன். நட்டு இறுகிவிட்டால் என் வாயில் வருவது ஒரு புண்ணியவான் கேட்கக்கூடிய வார்த்தை இல்லை. சோதித்து முடித்துக் கை கழுவிய பிறகுதான் திரும்ப எடுத்து அவர் இடத்தில் வைப்பது. இன்றும் அப்படியே. மூடினால் சிவப்பு, திறந்தால் பச்சை. தங்கமான சாமான்.

ஜனவரி 9, 2025 – வியாழன்

இரண்டரை மணிக்கு ஜான்ரோஸ் போன். "அண்ணே, பேரிங் பொள்ளுது. தொட முடியல்ல. ஆனா பச்ச எரியுது." பம்பை அவனே நிறுத்தியிருந்தான்.

போய்ப் பார்த்தால் தண்ணீர் வடிகட்டி முழுக்கத் துருச்சேறு. தண்ணீர் மூக்கு ஒழுகுகிற மாதிரி ஒழுகுகிறது. இந்த ஓட்டத்துக்கு எப்போதோ சிவப்பு வந்திருக்க வேண்டும்.

வடிகட்டியைக் கழுவினேன். அந்தோணியாரை எடுத்துப் பேனல் மேல் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு ஸ்விட்சைத் திறந்தேன். பிஸ்டனில் மீசை அளவுக்குக்கூடத் துரு இல்லை. மாட்டி வால்வை மூடினேன், உடனே சிவப்பு. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் சிவப்பு.

நான் நிற்கும்போது ஒழுங்கு, நான் போனதும் பொய். பள்ளிக்கூடத்தில் நானும் இப்படித்தான் இருந்தேன். அதனால் இந்த வகையை எனக்குத் தெரியும்.

நாராயணபெருமாள் சார் ஒரே கேள்விதான் கேட்டார். "ஸ்விட்ச் பொய் சொல்லுதா, இல்ல ஆளு எவனும் பொய் சொல்லுதானா?"

அந்தக் கேள்வி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து இரணியலில் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

ஜனவரி 10

சாப்பிடும்போது பிரிஜா கேட்டாள், "அப்பா, என்ன ஆச்சு, கறியில உப்பு இல்லியா?" நர்சிங் மூன்றாம் வருஷம். என் முகத்தைப் பார்த்தே பிரஷர் சொல்லுவாள்.

சோற்றுத் தட்டின் ஓரத்தில் விரலால் படம் போட்டுக் காட்டினேன். குழாய்க்குள் பிஸ்டன், பிஸ்டனுக்குள் காந்தம். உடம்பு பித்தளை, காந்தம் அதில் ஒட்டாது. தண்ணீர் ஓடினால் பிஸ்டனை மேலே தள்ளும். வெளியே ஒரு மூடிக்குள் கண்ணாடிச் சிமிழ், அதற்குள் தலைமுடி மாதிரி இரண்டு தகடு. காந்தம் கிட்டே வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், பச்சை. விலகினால் பிரியும், சிவப்பு. தண்ணீரையும் மின்சாரத்தையும் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் பேசவைக்கிற வேலை.

"அப்ப வெளிய நின்னு ஒருத்தன் காந்தத்தைக் காட்டினா அது ஏமாந்திருமா அப்பா?"

கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகவில்லை.

ஏமாந்துவிடும். அடியோடு ஏமாந்துவிடும். யாரோ ஒருத்தன் காந்தத்தை வைத்து ஸ்விட்சின் வாயை அடைத்துவிட்டு, நான் வரும்போது எடுத்துவிடுகிறான். டிரிப் வராவிட்டால் யாருக்கு நிம்மதி? ஏச்சு வாங்குகிறவனுக்கு.

ஆனால் பேரிங் சுடுகிறது என்று சொன்னதே ஜான்ரோஸ்தான்?

சொன்னவனே செய்தவனாகவும் இருக்கலாம். பயந்து சொல்லியிருக்கலாம்.

லீமா சொன்னாள், "ஏட்டி, அப்பாக்கு இனி ஒறக்கம் வராது. ஒனக்க வாய வச்சிட்டு சும்ம இருந்தா என்ன?"

ஜனவரி 13 – திங்கள்

பொறி வைத்தேன். லீமாவின் முகப்பவுடரைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் கொண்டுபோய், ஸ்விட்ச் மூடிமேல் மெல்லிசாகத் தூவிவிட்டேன். கை வைத்தால் தடம் விழும்.

வீட்டுக்கு வந்தால் அங்கே எனக்கு ஒரு பொறி. சட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு லீமா நிற்கிறாள். "இது ஆருக்க பவுடரு?"

"ஒனக்க பவுடருதான்."

"எனக்க பவுடருக்கு ஒங்களுக்க சட்டையில என்ன சோலி?"

ஃப்ளோ ஸ்விட்சுக்குப் போட்டேன் என்றேன். ஐம்பத்திரண்டு வயசில் இப்படி ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி 17

பொங்கல் கழித்து இன்றைக்குத்தான் பார்த்தேன். பவுடர் போட்டது போட்டபடி. பல்லியின் கால்தடம் மட்டும் ஒரு வரிசை. பல்லியைச் சந்தேகப்பட முடியாது. கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டேன்.

அந்தோணியார் காலிலும் பவுடர் விழுந்திருந்தது. எடுத்துத் துடைத்து வைத்தேன். பிறகுதான் தோன்றியது, கெட்டிக்காரனாக இருந்தால் மூடியைத் தொடவே மாட்டானே. காந்தத்துக்குத் தொட வேண்டிய அவசியம் இல்லை. கிட்டே பிடித்தால் போதும்.

அப்படியென்றால் நான் நினைத்ததைவிடப் பெரிய கள்ளன்.

ஜனவரி 20 – திங்கள்

ஸ்டோரில் இருந்த புது ஸ்விட்சை மாட்டினேன். பழையதன் மேல் பழி போட இனி யாருக்கும் இடம் இல்லை. சுரூபத்தை நகர்த்தி, குழாயைக் கழற்றி, நூல் சுற்றி, அம்பு பார்த்து இறுக்கி, ஐந்து தடவை சோதித்தேன். ஐந்தும் சிவப்பு. ஜான்ரோஸ் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தான்.

"புதுசு வந்துட்டுல்லா அண்ணே. இனி பொய் சொல்லாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எதற்குச் சிரிக்கிறான்?

மத்தியானம் வழக்கம்போல் ஒரே பெஞ்சில் சாப்பாடு. எட்டு வருஷமாக அப்படித்தான். அவன் திருவட்டாறு பக்கம், ரப்பர் காட்டுக்காரன். மரச்சீனிக் கிழங்கு அவன் கொண்டுவருவது, மீன் என்னுடையது. இன்றைக்கு "அண்ணே, என்ன, கைய நோக்கிட்டே இருக்கிய?" என்று கேட்டான். மரச்சீனி எடுக்கிற விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "நகம் வளந்திருக்கு" என்றேன். வெட்டுகிறேன் அண்ணே என்றான், பாவம்.

பாவமா? தெரியவில்லை.

ஜனவரி 28 – செவ்வாய்

எழுதக் கை ஓடவில்லை.

பதினொரு மணிக்கு எண்ணெய்ப் பம்ப் சுற்ற முடியாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. கூலிங் டவர் கழுவ வந்தவர்கள் தண்ணீர் வால்வை மூடிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர் சுத்தமாக நின்றுவிட்டது, விளக்கு பச்சை. பேரிங் பழுத்து, சீல் கிழிந்து, ஷெட்டெல்லாம் புகை. ஜான்ரோஸ் உள்ளே ஓடிப்போய் எண்ணெய் வால்வை மூடியிருக்கிறான். மூடும்போது இடது முழங்கைக்குக் கீழே எண்ணெய் தெறித்துவிட்டது. அவன் மூடாமல் இருந்தால் ஷெட் எரிந்திருக்கும். ஷெட்டுக்கு இந்தப் பக்கம்தான் லேடெக்ஸ் டேங்க், அந்தப் பக்கம் நூற்றைம்பது பேர் வேலை செய்கிற ஹால்.

நான் போய்ச் சேரும்போதும் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அடப்பாவி, தண்ணி இல்லடே! ஒனக்கு எப்படிப் பச்ச?

புகை அடங்கிய பிறகு, கரி பிடித்து நின்ற அந்தோணியாரை எடுத்துத் துடைத்துப் பேனல் மேல் வைத்தேன். ஸ்விட்சுப் பக்கம் திரும்பினால், சிவப்பு.

நான் பக்கத்தில் வந்ததுமே சிவப்பு. மூடியைக்கூடத் திறக்கவில்லை. என்னைக் கண்டால் மட்டும் ஒழுங்காகிற சாமான் உலகத்தில் உண்டா? புகைக்குள் எவனோ காந்தத்தை உருவிக்கொண்டு போயிருக்கிறான். உள்ளே போனவன் ஒருத்தன்தான்.

ஜனவரி 29

ஜான்ரோஸ் கைக்கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். அவன் பை பெஞ்சில் ஜிப் திறந்து கிடந்தது. நான் திறக்கவில்லை. குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

உள்ளே ஸ்பீக்கர் காந்தம். உள்ளங்கை அகலம், வட்டம்.

அவன் சபையில் மைக் செட் பார்ப்பவன். பழைய ஸ்பீக்கர் உடைத்தால் காந்தம் வரும், சரி. ஆனால் வேலைக்கு வரும்போது எதற்கு?

ஜனவரி 30

அறிக்கை கொடுத்தேன். "வெளியிலிருந்து காந்தம் வைத்து ஸ்விட்ச் ஏமாற்றப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு." இந்த ஒரு வாக்கியத்துக்கு நாலு காகிதம் கிழித்தேன்.

நாராயணபெருமாள் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆரு கையில வேய் காந்தம் கண்டீரு?"

சொன்னேன்.

ஜனவரி 31 – வெள்ளி

விசாரணை முடியும்வரை ஜான்ரோஸ் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒன்பது வருஷமாக ஒப்பந்த ஆள். மார்ச் கடைசியில் நிரந்தரம் செய்கிற பட்டியலில் அவன் பெயர் உண்டு என்று பேச்சு. விசாரணை நடக்கிறவன் பெயரைப் பட்டியலில் வைக்க மாட்டார்கள். குற்றம் உறுதியானால் பட்டியல் என்ன, வேலையே கிடையாது.

கேட்டில் என் ஸ்கூட்டரை நிறுத்தினான். கையில் கட்டு.

"அண்ணே, நீங்களா சொன்னிய?"

"நான் பாத்தத சொன்னேன்."

"என்னத்த பாத்திய?"

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். நல்லவேளை என்று வண்டியை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 3

பெஞ்சின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஓரத்தில் உட்கார்ந்தால் மறு ஓரம் தெரிகிறது.

பிப்ரவரி 5 – புதன்

விசாரணை. மேனேஜர், அலுவலகத்து ஆள் ஒருத்தர், நான், எதிரே ஜான்ரோஸ். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போடுகிற சட்டை.

காந்தத்தை மேசையில் வைத்தார்கள். "இது எனக்க சபை ஸ்பீக்கர்ல உள்ளது" என்றான். "வெல்டிங் ஷாப்புல தரையில கிடக்குத ஆணியையும் தூளையும் பெறக்க கொண்டு வந்தேன். போன மாசம் ரெண்டு பேருக்கு ஆணி குத்திச்சு. ஷாப்புல கேளுங்க." அலுவலகத்து ஆள் எழுதிக்கொண்டார். கேட்கப்போவதாகத் தெரியவில்லை.

"ஸ்விட்ச் பக்கத்துல காந்தத்த கொண்டு போனியா, இல்லியா?"

அதுவரை மேசையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"அண்ணே, நாங்க சுரூபம் கும்பிடாத ஆளுவ. ஆனா நீங்க ஒங்களுக்க அந்தோணியார அங்ங வச்ச நாள்ல இருந்து நான் அந்தப் பக்கம் கை கொண்டு போனதே இல்ல. ஒரு தூசி தட்டல்ல. தட்டி அவரு கீழ விழுந்தா, வேணும்னே செய்தான்னு நீங்க நினச்சிரக் கூடாதுன்னு. அந்த சாமி நிக்குத ஆங்கிளையே தொடாதவன், அதுக்கு ரெண்டு விரக்கட பக்கத்துல உள்ள ஸ்விட்ச தொடுவனா?"

ரெண்டு விரற்கடை.

அவர் நிற்கிற இடம்.

இரும்பு ஆங்கிளில் கச்சிதமாக நின்றார் என்று எழுதியிருக்கிறேன். பிளாஸ்டிக்கில் ஒட்ட இடமில்லை என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். வீட்டுக்கு வந்து பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

இல்லை. இருக்காது. அவ்வளவு சின்னச் சுரூபம்.

பிப்ரவரி 6

இருக்கிறது.

காலையில் ஆள் வருவதற்கு முன்னால் போனேன். பம்ப் இன்னும் ரிப்பேரில்தான். தண்ணீர் லைனை மட்டும் திறந்துவிட்டேன், பச்சை. அன்றைக்குப் பேனல் மேல் வைத்த அந்தோணியாரைப் பழைய இடத்தில் நிறுத்தி, முதல் தடவையாக அவரை எடுக்காமல் வால்வை மூடினேன். குழாயில் சத்தம் நின்றது. பச்சை. நூறு வரைக்கும் எண்ணினேன். பச்சை.

பிறகு அவரைத் தூக்கினேன்.

உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். சிவப்பு.

கிட்டே கொண்டுபோனேன், பச்சை. எடுத்தேன், சிவப்பு. சின்னப் பிள்ளை சுவிட்சைப் போட்டு அணைக்கிற மாதிரி எத்தனை தடவை செய்தேனோ தெரியாது. அவர் நிற்கிற தங்க நிறத் தட்டைத் திருகிப் பார்த்தால் அடியில் கறுப்பாக ஒரு வட்டம். ஸ்பீக்கர் காந்தத்தின் தம்பி.

எட மடயா! பிஸ்டன்ல ஒட்டுன துருவத் தாடி தாடின்னு எழுதினியே, ஒனக்க கையால வச்ச காந்தம் கண்ணுக்குத் தெரியல்லியா? ஒவ்வொரு தடவையும் மரியாதையா எடுத்து வச்சிட்டு டெஸ்ட் பண்ணினா அது எப்பிடிப் பொய் சொல்லும்? டெஸ்ட் முடிஞ்சதும் திரும்பக் கொண்டு வச்சது ஆரு? பதினெட்டு நாள் டிரிப் இல்லன்னு கேன்டீன்ல நெஞ்ச நிமித்தினது ஆரு? அன்னைக்கே அந்த ஸ்விட்ச் செத்திருக்கு. நான் அதுக்குக் கைப்பழக்கம்னு பேரு வச்சேன்.

அவன் கையில் எண்ணெய் தெறித்தது. அது நான் ஊற்றியது.

பிப்ரவரி 7 – வெள்ளி

சுரூபத்தை எண்ணெய் துடைக்கிற காட்டன் வேஸ்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இனி ஸ்விட்ச் ஒழுங்காக இருக்கும். யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருத்தன், அப்புறம் அந்தோணியார். அவர் சொல்ல மாட்டார்.

நாள் முழுக்க ஒரு கணக்கு ஓடியது. அவனுக்கு நாற்பது வயசு, வேறு வேலை கிடைக்கும். எனக்கு இந்த வயசில் கிடைக்காது. பிரிஜாவுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு. அவன் மைக் செட் வைத்துப் பிழைத்துக்கொள்வான்... எவ்வளவு அழகாக அவனுக்கு ஒரு வாழ்க்கை அமைத்துக் கொடுக்கிறேன்! ஒரு மாசம் ஊரெல்லாம் கள்ளனைத் தேடினேன். இப்போது முகம் கழுவும்போது கண்ணாடியில் நிற்கிறவன்மேல் பவுடர் தூவிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

லீமா காட்டன் வேஸ்டைப் பிரித்துவிட்டாள். "எதுக்கு இவர இஞ்ச கொண்டு வந்திய?"

சொன்னேன். முழுக்க. பவுடர் முதல்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுரூபத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "காணாமப் போனத கண்டுபிடிச்சுத் தருவாருன்னுதான் இவர வாங்கினேன். கண்டுபிடிச்சுத் தந்துட்டாருல்லா. இனி ஒங்களுக்க பாடு" என்றாள்.

பிப்ரவரி 8

சொல்லிவிட்டேன். சுரூபத்தையும் கொண்டுபோய்ச் செய்து காட்டினேன். பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு.

நாராயணபெருமாள் சார் சுரூபத்தைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு, "என்ன வேய், அந்தோணியார் செஞ்ச குத்தம்னு எழுதட்டா?" என்றார்.

"அவரு இல்ல சார். அடியில இருந்த காந்தம். வச்சது நான்."

"அறிக்கை எழுதினதும் நீருதான்."

"நான்தான்."

"ஒரு மனுசன் சோத்துல மண்ணு விழப் பாத்துதே வேய்."

கிழித்த நாலு காகிதத்துக்குப் பதிலாக இன்று ஒரே காகிதம். கிழிக்காமல் எழுதினேன்.

பிப்ரவரி 9 – ஞாயிறு

பூசை முடிந்து நேராகத் திருவட்டாறு போனேன். ஜான்ரோஸின் மனைவி ராஜபாய் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போன தடவை வந்தபோது கட்டன்சாயாவும் நேந்திரங்காய் உப்பேரியும் தந்தவள். இன்றைக்கு உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"அவரு சபைக்கு மைக் கெட்டப் போயிருக்காரு. மேனேஜரு நேத்தே போன் செய்தாரு, எல்லாம் தெரியும்."

"நான் ஒரு வார்த்தை நேர்ல..."

ஈரச் சட்டையை உதறினாள். வெள்ளைச் சட்டை. "அண்ணே, எட்டு வருசம் ஒண்ணா இருந்து திண்ணிய. ஒரு வார்த்தை அவரிட்ட நேர்ல கேட்டிருந்தா போதும்லா. அந்த சாதனத்த இத்தன மட்டம் சோதிச்சிய. மனுசன்கிட்ட ஒரு மட்டம் கேக்கத் தோணல்ல."

கொண்டுபோன மீனைத் திரும்பக் கொண்டுவந்தேன். வழியில் அவள் சொன்னதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்ததால் இரணியல் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிப்ரவரி 14

எனக்கு மெமோ. பராமரிப்புப் பொறுப்பாளர் என்ற பட்டம் போயிற்று. இனி மாசத்துக்கு ஒரு அலுவலகச் சோதனை. நான் செய்கிற எந்தச் சோதனையிலும் ஆபரேட்டர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சோதனை, எல்லாம் இருக்கிறது இருக்கிறபடி இருக்கும்போதே நடக்க வேண்டும். எதையும் நகர்த்தக் கூடாது. இதை நான் சொல்லித்தான் சேர்த்தார்கள்.

மார்ச் 3 – திங்கள்

ஜான்ரோஸ் வந்துவிட்டான். கைக்கட்டு இல்லை, தோல் ரோஸ் நிறத்தில் மினுங்குகிறது. புதுப் பேரிங், புது சீல். மாசச் சோதனைக்கு நான் போனதும் ஒரு டிரேயை நீட்டினான்.

"சட்டைப் பையில உள்ளதெல்லாம் இதுல வையுங்க."

போன், அதன் காந்த மூடி, சாவி, மூக்குக்கண்ணாடிக் கூடு. அதன் வாயிலும் காந்தம், எனக்கே தெரியாது. ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு ஆணியில் ஒட்டுகிறதா என்று பார்த்து, டிரேயைத் தூரத்தில் வைத்தான். ஏர்போர்ட்டில்கூட இப்படிச் சோதித்ததில்லை. மனசுக்குள் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை. அது இன்னும் என் உரிமை இல்லை.

"வால்வ மூடுங்க."

சிவப்பு. கையெழுத்துப் போட்டான். அண்ணே என்று கூப்பிடவில்லை.

மார்ச் 17

அவன் கேன்டீனில் சாப்பிடுகிறான். நான் பெஞ்சில். ஓரத்தில்.

மார்ச் 31

நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். ஏழு பேர். நாலாவது பெயர் ஜான்ரோஸ். கூட்டம் போன பிறகு தனியாக நின்று இரண்டு தடவை படித்தேன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

லீமாவிடம் சொன்னபோது மெழுகுதிரி ஏற்றினாள். சுரூபம் இப்போதும் என் அலுவலக டிராயரில்தான் கிடக்கிறது, மேனேஜருக்குச் செய்து காட்டக் கொண்டுபோனது. கேட்டால் ஷெட்டில் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளிடம் ஒரு பொய் மிச்சம் இருக்கிறது.

ஏப்ரல் 7 – திங்கள்

மாசச் சோதனை. பையைக் காலி செய்தேன், அவன் கேட்பதற்கு முன்னால். வால்வை அவனே மூடினான். ஏழு வினாடியில் சிவப்பு. பம்ப் நின்றது. "சரியா இருக்கு அண்ணே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

ஸ்பானரை எடுக்கத் திரும்பினேன். எதிர்ச் சுவரில், ஸ்விட்சுக்கு நேர் எதிரே, இழைத்த ரப்பர் மரத்தில் ஒரு தட்டு அடித்திருந்தது. மேலே அந்தோணியார், கரியெல்லாம் துடைத்து, முகம் ஸ்விட்சைப் பார்த்தபடி. என் டிராயர் பூட்டியா கிடந்தது? என்றைக்கும் பூட்டியதில்லை.

நாடாவை எடுத்து அளந்தேன். தட்டுக்கும் ஸ்விட்சுக்கும் இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

தட்டைச் சுவரில் பிடித்திருந்த திருகாணிகளைத் தடவிப் பார்த்தேன். நாலும் பித்தளை.